இன்னொருவர் கட்டிய பை

தெய்வானை டீச்சரிடம் கேள்வியோடு போனவர்கள் பதிலோடு திரும்பியதில்லை. ஏதாவது ஒரு வேலையோடு திரும்புவார்கள்.

மேலச்சுனை அரசுப் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. காலை ஐந்தரைக்கு, விதைக்கடை மாடியில் ஏழு பேர் அவரோடு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஏழு பேரில் பலரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

பூவராகன் கேள்வியோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. மற்றவர்கள் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தார். கையில் நான்கு பக்கத் தாள்.

பூவராகனுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் டொராண்டோவில் இருந்தவர். பெரிய பெரிய கட்டடங்களை நாள் குறித்து, குறித்த நாளில் முடித்துக் கொடுக்கும் வேலை. மூன்று வருடத்துக்கு முன் வேலையும் போய், மனைவியும் பிரிந்து, ஒற்றைப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

"நாம எட்டுப் பேரும் மலையில நறுவிலி ஓடைக்கு நடந்து போய், ஓடைக்கரையில ஒருநாள் தங்கிட்டு வரலாம்னு பேசினோம்ல டீச்சர். முழுத் திட்டமும் போட்டுட்டேன்."

"நல்லது."

"அதுலதான் ஒரு சிக்கல். நேத்து இதை எல்லாருக்கும் அனுப்பினேன். அரைமணி நேரத்துல இருதயராஜ் அண்ணாச்சி, 'நல்லபடியா போயிட்டு வாங்க, நான் வரலை'ன்னு போட்டுட்டார். கீழே ஒரு கும்பிடு."

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். புறப்பாடு ஆறு பத்து. முதல் மேடு ஆறு ஐம்பத்தைந்து. இளைப்பாறுதல் ஏழு நிமிடம். ஓடை நடுவிலுள்ள திட்டு பதினொன்று நாற்பது. கொண்டுபோக வேண்டியவை நாற்பத்தொரு வரிகள்.

"இதுல ஒண்ணுக்குப் போக எப்போ நிப்போம்?"

பூவராகன் தாளை எட்டிப் பார்த்தார். "அதுக்குன்னு தனியா போடலை."

"அண்ணாச்சிக்கு எத்தனை தடவை போகணும்?"

"தெரியலை டீச்சர்."

"சரி. உங்க கேள்வி என்ன?"

"அவர் வராம இந்தப் பயணமே எனக்கு வேண்டாம். இருபத்திரெண்டாம் தேதி நாக்பூருக்கு மக வீட்டோட போயிடுறார். இனிமே திரும்பி வரமாட்டார். எல்லாரும் நிம்மதியா நடந்து, நிம்மதியா திரும்பணும்னுதான் இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டேன். இதுல எங்கே தப்பு?"

டீச்சர் எழுந்து உள்ளே போனார். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிவந்த எட்டு முதுகுப் பைகள் மூலையில் கிடந்தன. ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.

"இது அண்ணாச்சி பை. நீங்க கட்டுங்க. நம்ம கூட்டத்துல யாரும் தன் பையைத் தான் கட்டப் போறதில்லை. ஒருத்தர் பையை இன்னொருத்தர் கட்டணும். சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து குடுத்துருங்க."

"அவர்தான் வரலைங்கிறாரே."

"கட்டுங்க."

"என்னென்ன வேணும்னு அவர்கிட்டக் கேட்டுக்கிடுறேன்."

"கேட்கக் கூடாது."

பூவராகன் வெறும் பையோடு படியிறங்கினார்.

இருதயராஜ் அண்ணாச்சி தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. போன வருடம் இதயத்தில் இரண்டு அடைப்புகளை எடுத்திருந்தார்கள். மெதுவாக, நின்று நின்று எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மலையை அண்ணாந்து பார்த்து அவர் ஒருநாள் சொன்னது பூவராகனின் மனதில் கிடந்தது. "பொறந்ததுலேருந்து அந்த ஓடைத் தண்ணியைத்தான் தம்பி குடிக்கேன். ஓடையைப் பார்த்ததில்லை."

அவருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பூவராகன் தவித்ததற்குக் காரணம் உண்டு. ஊர் திரும்பிய புதிதில் பூவராகன் வாடகை வீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தார். சாப்பாடு வாசலுக்கு வரும், பாதி நாள் அப்படியே திரும்பும். கீழ்வீட்டு அண்ணாச்சி தினமும் விடியற்காலை வந்து கதவைத் தட்டுவார். "தம்பி, நடக்கப் போறேன். தனியா போக ஒரு மாதிரி இருக்கு. துணைக்கு வாங்களேன்." பதில் இல்லாவிட்டால் போய்விடுவார். மறுநாளும் அதே தட்டு, அதே பேச்சு. பத்தொன்பது நாள். இருபதாம் நாள் பூவராகன் கதவைத் திறந்தார். அந்த நடைதான் பிறகு விதைக்கடை மாடிவரை கூட்டிவந்தது.

அதற்கு ஒரு நன்றிகூட அவர் இன்றுவரை சொன்னதில்லை. பலமுறை வாயெடுத்திருக்கிறார். மழையைப் பற்றியோ மின்வெட்டைப் பற்றியோ பேசிவிட்டு வந்துவிடுவார்.

கேட்கக் கூடாது என்றால் பார்க்கத்தான் வேண்டும். பூவராகன் அந்த வாரம் முழுக்க அண்ணாச்சியோடு நடந்தார்.

"என்ன தம்பி, இந்த வாரம் என்னையே பார்த்துக்கிட்டு வாறீங்க?"

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி."

அண்ணாச்சி முதல் பாலத்தில் நின்று ஒரு சுவரொட்டியைப் படித்தார். காதணி விழா. அழைப்பவர்கள் பெயர் பன்னிரண்டையும் வரிசையாகப் படித்துவிட்டு நடந்தார். கொய்யாப்பழ வண்டியில் நின்று விலை கேட்டார், வாங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் நின்று கொக்கைப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் அவருடைய தோள் ஏறி இறங்கியது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இரண்டாம் நாளும் அதே பாலம். அதே காதணி விழா. அதே பன்னிரண்டு பெயர்கள்.

மூன்றாம் நாள்தான் பூவராகனுக்கு உறைத்தது. மூன்று வருடத்துக்கு முன்பும் இதே பாலத்தில் அண்ணாச்சி சுவரொட்டி படித்தார். அப்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. தபால்காரர்களோடு போட்டிபோட்டு சைக்கிள் மிதித்த கால்கள். மாதக்கணக்கில் படுத்தே கிடந்துவிட்டு, நூறடி நடந்ததும் இரைத்தது பூவராகனுக்குத்தான்.

அன்று படித்தது யாருக்காக என்று இப்போது கேட்க முடியாது. டீச்சர் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

பூவராகன் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "அண்ணாச்சி, அடுத்த சுவரொட்டியையும் படிங்களேன்."

"அது பால்பண்ணை ஏலம் தம்பி."

"பரவாயில்லை. படிங்க."

சனிக்கிழமை பையைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார். இரண்டு தலையணை உறைகள் அதில் இருந்தன. அண்ணாச்சியால் தட்டையாகப் படுக்க முடியாது, ஏதாவது திணித்து முதுகுக்கு வைக்கலாம். அவர் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் விசாரித்து வாங்கிய மாத்திரைகள், காலைக்கு ஒரு பொட்டலம், மாலைக்கு ஒரு பொட்டலம். பொத்தான் வைத்த சட்டை, ஏனென்றால் தலைவழியாக மாட்டும் பனியனோடு அவர் படும் பாட்டைத் துணி காயும் கொடியடியில் பார்த்திருந்தார். மூட்டுவலித் தைலம் ஒன்று.

"தாள் என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"கிழிச்சிடலாம்னு இருக்கேன்."

"வேண்டாம். வனத்துறைக்காரங்க கேட்டா காட்டலாம். அவங்களுக்கு நேரம் போட்டிருந்தா பிடிக்கும்."

"அண்ணாச்சி இன்னும் வாறேன்னு சொல்லலையே டீச்சர்."

அப்போது ரஹ்மத் அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். பேச ஆரம்பித்தால் தையல் எந்திரமும் அவரும் ஒரே வேகம்.

"என்ன டீச்சர் இது, என் பையைப் போய் அண்ணாச்சிகிட்ட குடுத்திருக்கீங்க? அவருதான் வரலையாம்லா. அப்ப நான் என்ன, வீசுன கையோட மலையேறணுமா? நேரா வீட்டுக்கே போயிக் கேட்டுட்டேன். 'அண்ணாச்சி, நீங்க வராட்டா நான் குடுத்துவிட்ட மாத்துத்துணி, என் போர்வை, என் பல்லுக்குச்சி ஒண்ணும் வராது. காட்டுக்குள்ள நான் பச்சப்புள்ள மாதிரி நிக்கணும். அது உங்க பாவம்'னேன்."

"என்ன சொன்னார்?"

"உள்ள போயி என் பையைத் தூக்கிட்டு வந்து காட்டுனாரு. அப்புறம், 'கட்டித்தான் வச்சிருக்கேன் தாயி. சரி, தூக்கிட்டு வாறேன்'ன்னாரு."

பூவராகன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அண்ணாச்சியின் பைவாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அடிவாரச் சோதனைச்சாவடியில் எட்டுப் பேரும் கூடினார்கள். துணைக்கு வனக்காவலர் ஒருவர். பூவராகனின் தாளை அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லா போட்டிருக்கீங்க" என்றார். டீச்சர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

"திட்டுக்கு ஏழு கிலோமீட்டர்" என்றார் வனக்காவலர். "நாலு மணிக்குள்ள தங்குற இடத்துல இருக்கணும். அது மட்டும்தான் என் கணக்கு."

டீச்சர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"நான் கடைசில வாறேன் டீச்சர். எதுக்கு எல்லாருக்கும் இடைஞ்சல்?"

"நீங்கதான் முன்னால. உங்களைத் தாண்டி யாரும் போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"அப்ப நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

"சேரட்டும்."

அண்ணாச்சி நடந்தார். ஏழு பேரும் பின்னால் நடந்தார்கள். ஐம்பது எட்டு, ஒரு நிறுத்தம். காட்டில் சுவரொட்டி இல்லை. அண்ணாச்சி நின்ற இடத்தில் என்ன இருந்ததோ அதைப் பார்த்தார்கள். ஒரு தடவை கரையான் புற்று. ஒரு தடவை தலைக்கு மேலே கிளையில் மலபார் அணில், அதன் செம்பழுப்பு வால் ஒரு முழம் கீழே தொங்கியது. ஒரு தடவை ஒன்றுமே இல்லை, காற்று மட்டும்.

"நான் மூணு தடவை வந்திருக்கேன்" என்றார் வனக்காவலருக்குப் பின்னால் வந்த ஒருவர். "இந்த அணிலை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை."

"நீங்க எங்க நின்னீங்க?" என்றார் ரஹ்மத் அக்கா. பிறகு முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, என் பைக்குள்ள என்ன கல்லையா கட்டியிருக்கீங்க? தோள்பட்டை கழண்டுரும் போல."

"அவிழ்க்கும்போது தெரியும் தாயி."

பூவராகனின் பை நேர்மாறு. டீச்சர் கட்டியது. தூக்கினால் காற்றைத் தூக்கியது போல இருந்தது. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தார். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு போர்வை.

"டீச்சர், என் பையில ஒண்ணுமே இல்லையே."

"ஆமா. பாதி காலியா இருக்கு."

மூன்றாவது கிலோமீட்டரில் அண்ணாச்சியின் முகம் வெளிறியது. பூவராகன் அவர் தோளிலிருந்த பையைக் கழற்றினார். அண்ணாச்சி மறுக்கப் பார்த்தார். அதற்குள் அது பூவராகனின் மார்புப் பக்கம் மாட்டப்பட்டிருந்தது. முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. இரண்டும் சேர்ந்து ஒரு சாதாரணப் பையின் எடைதான் இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சமைத்துச் சாப்பிடலாம் என்றார் ரஹ்மத் அக்கா. பைகள் திறந்தன.

முதல் பையில் மூட்டுவலித் தைலம். இரண்டாவதிலும் தைலம். மூன்றாவது பையைத் திறந்தவர் தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்து வைத்தார். கடைசியில் துண்டின்மேல் ஆறு தைல டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னொருவர் முழங்காலை நினைக்காதவர் அந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை.

"மருந்துக்கடையே மலையேறிடுச்சு" என்றார் ரஹ்மத் அக்கா. "பருப்பு இருக்கு. புளி இருக்கு. உப்பு மட்டும் அஞ்சு பொட்டலம் இருக்கு. அரிசி யாருகிட்ட?"

ஆளுக்கு ஆள் தேடித் தேடிக் கட்டியதில், எல்லாருக்கும் பொதுவான அரிசியை யாருமே கட்டவில்லை.

பூவராகனால் அடக்க முடியவில்லை. "என் தாள்ல பதினேழாவது வரி அரிசிதான்."

"தாள் கையில இருக்கா தம்பி?" என்றார் ரஹ்மத் அக்கா.

"இருக்கு."

"குடுங்க. வெந்நீர்ல போட்டு வேகுதான்னு பார்ப்போம்."

முதலில் சிரித்தவர் அண்ணாச்சி. சிரிப்பில் இருமல் வந்து, இருமலுக்குள் மறுபடி சிரிப்பு வந்தது. ஓய்ந்ததும் சொன்னார். "ரஹ்மத்து, உன் பையைத் திற."

அக்கா திறந்தார். போர்வையை எடுத்தார், மாற்றுத்துணியை எடுத்தார். அதற்கடியில் ஒரு துணிமூட்டை. மூன்று கிலோ அவல். உருண்டை வெல்லம். இரண்டு தேங்காய்.

"ஒருத்திக்கு மூணு கிலோ அவலா?"

"பின்ன? நம்ம கூட்டத்துல எந்த விசேஷத்துலயும் நீ கடைசிலதான் உட்காருவே. அதுக்குள்ள சட்டி காலியாகிடும். 'எனக்குப் பசிக்கலை'ம்பே. நானும் மூணு வருஷமா பார்க்கேன். உனக்குன்னு ஒரு படி கட்டினா, அதையும் ஊருக்கு எடுத்துக் குடுத்துருவே. ஊரு தின்ன பிறகும் உனக்கு மிஞ்சணும்லா. அதான் இவ்வளவு."

ரஹ்மத் அக்கா தேங்காய் இரண்டையும் கையில் எடுத்தார். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தேங்காயை உடைக்கக் கல் தேடிப் போனார். போனவர் திரும்பிவரக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் இலை அன்று அவருக்குத்தான். டீச்சர் தன் கையாலேயே பரிமாறினார். அக்கா முதல் வாய் அள்ளியதும், "எல்லாரும் என்னையே ஏன் பார்க்கீங்க? தொண்டையில இறங்குமா?" என்றார். இறங்கியது.

மறுபடி நடை. ஐம்பது எட்டு முப்பதானது, முப்பது இருபதானது. பூவராகன் மணி பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனால் கை தானாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒன்றரை. இரண்டு கால். மூன்றாகப் பத்து நிமிடம்.

அப்போது பாறைகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"கீழ் வளைவு" என்றார் வனக்காவலர். "ஓடை இங்கே திரும்பிக் கீழே இறங்குது. திட்டு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் மேல. எல்லாரும் அங்கதான் கேப்பாங்க. ஆனா அனுமதிச் சீட்டுல ஓடைக்கரைன்னு மட்டும்தான் இருக்கு. இங்கயும் தங்கலாம்."

கீழ் வளைவில் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் அளவு தண்ணீர். உருண்டைக் கற்கள். நறுவிலி மரம் ஒன்று பாதி சாய்ந்து நின்றது. எல்லாரும் படுக்க ஒரு சின்ன மணல்வெளி.

அண்ணாச்சி நின்றார். இந்தத் தடவை மூச்சு வாங்க நிற்கவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுத் தட்டையான பாறையொன்றில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டார். அதன் சில்லிப்பு முதுகுவரை ஏறியது வெளியில் தெரிந்தது. குனிந்து இரண்டு கைகளிலும் தண்ணீரை அள்ளினார். குடிக்கவில்லை. கொஞ்சநேரம் கைக்குள் வைத்துப் பார்த்தார்.

"அறுபத்தாறு வருஷம் நீயே என் வீட்டுக்கு வந்தே" என்றார் தண்ணீரிடம். "இன்னைக்குத்தான் நான் வாறேன்."

பிறகு குடித்தார்.

ரஹ்மத் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக மணலில் பைகளை இறக்கினார்கள்.

பூவராகன் மட்டும் இறக்கவில்லை. சற்றுத் தள்ளி மணலில் நின்ற டீச்சரிடம் போனார்.

"டீச்சர், மணி மூணுதான். நாலுக்குள்ள போயிரலாம். அவரால முடியலைன்னா நான் முதுகுல தூக்கிக்கிடுறேன். என்னால முடியும்."

"எங்கே?"

"திட்டுக்கு. அங்கே ரெண்டு பக்கமும் தண்ணி ஓடும், நடுவுல புல்தரை. படத்துல பார்த்தேன். அந்த இடத்துல அவரைக் கொண்டுபோய் உட்கார வைக்கணும்."

"அவர் கேட்டாரா?"

"கேட்கலை." பூவராகன் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார். "பத்தொன்பது நாள் கதவைத் தட்டின மனுஷன் டீச்சர். அவருக்கு நான் வாயால ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வரலை. அந்த இடத்துல கொண்டுபோய் உட்கார வச்சிட்டா, அதுவே சொன்ன மாதிரி ஆகும்னு நினைச்சேன். அடுத்த வாரம் ரயில் ஏறிடுவார். இவ்வளவு தூரம் வந்தும் முடிக்காமப் போறோம். இன்னும் ரெண்டே ரெண்டு கிலோமீட்டர்."

டீச்சர் மேலே போகும் பாதையைப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் பார்த்தார். அண்ணாச்சி பாறையில் கொஞ்சம் நகர்ந்து, ஈரக்கையால் பக்கத்திலிருந்த சருகுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கிலோமீட்டரெல்லாம் இல்லை பூவராகன் சார்" என்றார் டீச்சர். "அவர் பக்கத்துல ஒரு ஆள் உட்கார இடம் இருக்கு பாருங்க. இங்கேயிருந்து நாலு எட்டு."